நியூட்டன்ஸ் க்ரேடில் வீட்லயே செய்யறது எப்படி, செஞ்சதை ஒழுங்கா ஆட வைக்கிறது எப்படி

மேசை மேல வைக்கிற அஞ்சு குண்டு பொம்மை, ஒரு பக்கம் ஒண்ணைத் தூக்கி விட்டா அந்தப் பக்கம் ஒண்ணு மட்டும் எகிறும், நடுவுல இருக்கற மூணும் சும்மா நிக்கும், டக் டக்னு சத்தம் வந்துகிட்டே இருக்கும், அதான் நியூட்டன்ஸ் க்ரேடில். இதை வீட்ல செய்யறதுக்கு வழி தேடினா ஐஸ் குச்சி, கோலிகுண்டு, க்ளூ கன் அவ்வளவுதான்னு முடிச்சிடறாங்க. அப்படி செஞ்சா அது ஆடும், ஆனா நாலஞ்சு தட்டுலயே அஞ்சு குண்டும் கும்பலா அசைய ஆரம்பிச்சிடும், பசங்க "இதுல என்ன இருக்கு"ன்னு எழுந்து போயிடுவாங்க.

நல்லா ஆடற ஒண்ணு வேணும்னா ரெண்டு விஷயம் தான் முக்கியம். அஞ்சு குண்டோட மையமும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், பக்கத்து பக்கத்து குண்டுகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி சரியா இருக்கணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம். இந்த இடைவெளி விஷயத்தை செய்முறையோட சின்ன டீடெயில்னு நெனச்சிடாதீங்க, இந்த பொம்மையோட பிசிக்ஸே அதுலதான் ஒளிஞ்சிருக்கு, அதை பின்னாடி சொல்றேன்.

முதல்ல குண்டு. ஸ்டீல் பேரிங் குண்டு தான் பெஸ்ட், 20 மி.மீ. விட்டம் உள்ளது ஆறு வாங்கிக்கோங்க, அஞ்சு மாட்ட, ஒண்ணு ஸ்பேர். ஒண்ணு கிட்டத்தட்ட 33 கிராம் இருக்கும். ஒரே டப்பாவுல இருந்து எடுத்ததா இருக்கட்டும், ஏன்னா நல்ல பேரிங் குண்டுகள் ஒரு செட்டுக்குள்ள சைஸ் மைக்ரான் (ஒரு மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல தான் மாறும், அந்த அளவு துல்லியம் வேற எந்த உருண்டையிலயும் சுலபமா கிடைக்காது. கோலிகுண்டு கண்ணாடிங்கறதால துள்ளல் விஷயத்துல மோசம் இல்ல, நிஜமாவே நல்ல பொருள் தான், ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ் மாறும், சிலது முழு உருண்டையாவே இருக்காது, அதோட சாதாரண 16 மி.மீ. கோலி வெறும் 5 கிராம் சொச்சம் தான், மேல ஒட்டற பசையோட வெயிட்டே அதுக்கு ஒரு பாரம். ஸ்டீல் கிடைக்கவே இல்லைனா கோலி வெச்சு செய்யுங்க, பத்து பதினஞ்சு கோலில இருந்து ஒரே சைஸா இருக்கறதைத் தேடி எடுங்க. பிளாஸ்டிக் மணி, ரப்பர் பந்து, களிமண் உருண்டை இதெல்லாம் வேணாம்.

பேரிங் குண்டுல ஓட்டை போடலாம்னு ட்ரில் எடுக்காதீங்க. அது கடினமாக்கின ஸ்டீல், சாதா ட்ரில் பிட் மேல வழுக்கி கையில தான் ஏறும். ஒட்டறது தான் வழி.

நூல் விஷயத்துல தையல் நூல் வேணாம், அது முறுக்கு நூல், வெயிட் தொங்கினதும் முறுக்கு பிரியும், நீளமும் மாறும். தூண்டிலுக்கு போடற தங்கூசி நரம்பு, 0.25 இல்லைனா 0.3 மி.மீ. தடிமன் போதும். சுருள்ல இருந்து எடுத்ததும் வளைவு வளைவா நிக்கும், அதை கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணில போட்டு எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்து விட்டா நேராயிடும். இதை விட்டுட்டு நேரா மாட்டினா பின்னாடி உயரம் சரி பண்ணும்போது ரொம்ப படுத்தும்.

இது போக எபாக்சி பசை, ரெண்டு ட்யூப்ல வரும்ல அது, தீர்ந்து போன பேனா ரீஃபில் ஒண்ணு, உப்புத்தாள், பேப்பர் கட்டர், ஸ்கேல், நாலஞ்சு துணி கிளிப். க்ளூ கன் பசையை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், வழவழப்பான ஸ்டீல்ல அது பிடிக்காது, தட்டித் தட்டி ஒரு நாள் பட்டுனு பிரிஞ்சு குண்டு தனியா விழும்.

சட்டத்துக்கு மரச்சட்டம், பிவிசி பைப், எது இருந்தாலும் சரி, ஆனா ஆடக்கூடாது. அளவு சொல்றேன்: மேல ரெண்டு நீளக் குச்சி, ஒவ்வொண்ணும் 30 செ.மீ., ரெண்டுக்கும் நடுவுல 12 செ.மீ. இடைவெளி, நாலு மூலையிலயும் 22 செ.மீ. கால், கீழ ஒரு கனமான பலகை. முனையில ரெண்டு நீளக்குச்சியையும் இணைக்கற குறுக்குக் குச்சி மேல மட்டும் இருக்கட்டும், நடு உயரத்துல குறுக்க எதுவும் வந்துடக்கூடாது, குண்டு வெளிய ஆடி வரும்போது அதுல இடிக்கும். சட்டம் முடிஞ்சதும் மேல விரலால தள்ளிப் பாருங்க, நெளிஞ்சா மூலைக்கு மூலை முட்டு குடுங்க. ஏன் இவ்ளோ சொல்றேன்னா, குண்டு மோதும்போது சட்டமும் கூட சேர்ந்து நடுங்கினா அந்த நடுக்கம் நூல் வழியா மத்த குண்டுக்கு போய் சேரும், நடு குண்டெல்லாம் சீக்கிரமே அசைய ஆரம்பிச்சிடும், ஆற்றலும் வீணாகும்.

இப்ப ஒட்டற வேலை. பேரிங் குண்டு எண்ணெய் பூசி தான் வரும், ஸ்பிரிட் இல்லைனா சானிடைசர் தொட்டு நல்லா துடைங்க. ஒவ்வொரு குண்டுலயும் ஒரே ஒரு இடத்துல, பருப்பு அளவுக்கு, உப்புத்தாள் வெச்சு சொரசொரப்பாக்குங்க. அந்த இடம் மட்டும் தான், மத்த இடத்துல கீறல் விழக்கூடாது, மோதற இடம் பளபளன்னு தான் இருக்கணும். ரீஃபிலை மை போக கழுவி 5 மி.மீ. துண்டா ஆறு வெட்டிக்கோங்க. ரெண்டு பென்சிலை பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சா நடுவுல ஒரு பள்ளம் வரும், அதுல குண்டுகளை வரிசையா உக்கார வைங்க, ஒண்ணோட ஒண்ணு பசை பிடிச்சுக்காம நடுவுல கொஞ்சம் தள்ளி. சொரசொரப்பு உச்சில வர்ற மாதிரி திருப்பி வெச்சு, அது மேல எபாக்சி ஒரு சின்ன சொட்டு, அது மேல ரீஃபில் துண்டு படுத்த வாக்குல, பென்சிலுக்கு குறுக்கா. துளைக்குள்ள பசை போயிடக்கூடாது, போச்சுன்னா நரம்பு நுழையாது. எல்லா துண்டும் ஒரே திசையைப் பார்த்து இருக்கான்னு மேல இருந்து ஒரு தடவை பார்த்துட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடுங்க. அஞ்சு நிமிஷ எபாக்சின்னு போட்டிருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல எடுத்து மாட்டாதீங்க, அது கெட்டியாகத் தான் அஞ்சு நிமிஷம், முழு பலம் வர நேரம் எடுக்கும். ஜன்னல் திறந்து வைங்க, சின்னக் குழந்தை இருக்கற வீடா இருந்தா குண்டெல்லாம் எண்ணி எடுத்து வைங்க, வாயில போட்டா ஆபத்து.

அடுத்தது குறி வைக்கறது, இங்க அவசரப்படவே கூடாது. அஞ்சு குண்டும் 20 மி.மீ.ன்னா நரம்பு தொங்கற இடமும் 20 மி.மீ.க்கு ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு 20, அதுல இருந்து அடுத்ததுக்கு 20ன்னு ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி குறிச்சா ஒவ்வொரு தடவையும் வர்ற சின்ன பிசகு சேர்ந்துகிட்டே போகும். அதுக்கு பதிலா ஸ்கேலை ஒரே தடவை வெச்சு 0, 20, 40, 60, 80ன்னு அஞ்சையும் ஒண்ணா குறிச்சிடுங்க. ரெண்டு நீளக்குச்சியையும் ஒண்ணா சேர்த்து பிடிச்சு ஒரே நேரத்துல குறிச்சீங்கன்னா ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் வந்துடும். குறி இருக்கற இடத்துல பேப்பர் கட்டரால ஒரு மெல்லிய வெட்டு, நரம்பு உக்கார்ற அளவுக்கு மட்டும். வாளால அறுத்தா வெட்டு அகலமாயிடும், நரம்பு அதுக்குள்ள இங்கயும் அங்கயும் நகரும், 20 மி.மீ.ன்னு பார்த்து பார்த்து குறிச்சதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

ஒவ்வொரு குண்டுக்கும் ரெண்டு பக்கமும் நரம்பு வேணும், வரிசையோட முனைல இருந்து பார்த்தா இங்கிலீஷ் வி எழுத்து மாதிரி. ஒத்தை நரம்புல கட்டினா குண்டு வட்டமா சுத்தும், எந்தப் பக்கம் வேணா போகும், வரிசை கலைஞ்சிடும். வி வடிவத்துல கட்டும்போது ஒரே தளத்துல, முன்னும் பின்னும் மட்டும் தான் ஆட முடியும். 12 செ.மீ. அகலம், 15 செ.மீ. இறக்கம்னா ஒரு பக்க நரம்பு 16.2 செ.மீ. சுமார் வரும், ரெண்டு பக்கமும் சேர்த்து 32 செ.மீ. சொச்சம், கட்டறதுக்கும் இழுக்கறதுக்கும் சேர்த்து 50 செ.மீ. வெட்டிக்கோங்க. ரீஃபில் துளைக்குள்ள நரம்பை விட்டு ரெண்டு முனையையும் ரெண்டு குச்சி வெட்டுல உக்கார வெச்சு மேல துணி கிளிப் போட்டு பிடிச்சு விடுங்க. இன்னும் முடிச்சு போடாதீங்க.

உயரம் சரி பண்ண கண்ணை நம்பாதீங்க. குண்டுகளுக்கு கீழ புத்தகம் அடுக்கி அது மேல ஒரு கண்ணாடித் துண்டோ டைல்ஸோ சமமா வைங்க, நடு குண்டு அதை லேசா தொடற மாதிரி முதல்ல சரி பண்ணுங்க. அப்புறம் மத்த நாலையும் கிளிப்பை தளர்த்தி நரம்பை இழுத்து இழுத்து அதே டைல்ஸை லேசா தொட வைங்க. எல்லா குண்டும் ஒரே சைஸ்ங்கறதால அடிப்பக்கம் ஒரே மட்டம்னா மையமும் ஒரே மட்டம் தான். அடுத்து ஒரு ஸ்கேலை வரிசையோட பக்கவாட்டுல வெச்சு அஞ்சும் அதைத் தொடுதான்னு பாருங்க. தொடாத குண்டை நரம்புல லேசா இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினா ரீஃபில் துளை வழுக்கி வரும். எல்லாம் திருப்தியானதும் துளை வாய்ல ஒரு துளி சூப்பர் க்ளூ, வெட்டு மேலயும் ஒரு துளி, காஞ்சதும் கிளிப்பை எடுத்துட்டு மிச்ச நரம்பை வெட்டி விடுங்க, கீழ இருக்கற புத்தகத்தையும் எடுத்துடுங்க.

ஒரு மி.மீ. தானே, போகட்டும்னு தோணும். 20 மி.மீ. குண்டுல ஒரு குண்டு பக்கத்து குண்டை விட ஒரு மி.மீ. தாழ்ந்திருந்தா ரெண்டும் தொடற திசை கிட்டத்தட்ட 3 டிகிரி சாஞ்சிடும். அப்ப வேகத்துல 5 சதவீதம் அளவு நேரா போகாம மேலயோ கீழயோ கிளம்பும். ஒரு தட்டுக்கு 5 சதவீதம்னா பரவால்ல, ஆனா ஒரு தடவை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள நாலு மோதல், செகண்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல இது நடக்குது, கணக்கு போட்டுப் பாருங்க. நாலஞ்சு தட்டுல நின்னு போற க்ரேடில் எல்லாம் பெரும்பாலும் இதனால தான் நிக்குது.

இடைவெளிக்கு வருவோம். குண்டுகள் ஒண்ணை ஒண்ணு நெருக்கக்கூடாது. மயிரிழை அளவு காத்து நடுவுல இருந்தா நல்லது, வெறுமனே தொட்டுக்கிட்டு இருந்தாலும் ஓகே, நெருக்கினா மட்டும் கெட்டது. எப்படி கண்டுபிடிக்கறது? ஓரத்து குண்டை விரலால ரொம்ப மெதுவா வெளிய நகர்த்துங்க, அடுத்த குண்டு அது பின்னாடியே கொஞ்சம் நகர்ந்து வந்தா அங்க நெருக்கம் இருக்குன்னு அர்த்தம். எழுதற பேப்பர்ல ஒரு பட்டை வெட்டி ரெண்டு குண்டுக்கு நடுவுல விட்டுப் பாருங்க, லேசா உரசிக்கிட்டு இறங்கினா அது தான் சரியான அளவு. டொக்குனு லூசா இறங்கிச்சுன்னா இடைவெளி அதிகம், அதுவும் ஆடும், ஆனா ஒவ்வொரு மோதலும் நரம்பு நேரா தொங்கற இடத்துல நடக்காம தள்ளி நடக்கும், சீக்கிரம் கலையும்.

இப்ப ஒரு குண்டை 30 டிகிரி வரை தூக்கி விடுங்க. நரம்போட 15 செ.மீ. இறக்கத்தோட குண்டோட ஆரம் 1 செ.மீ. சேர்ந்து ஊசல் நீளம் 16 செ.மீ. ஆகுது, அதோட முழு ஆட்ட நேரம் சுமார் 0.8 செகண்ட். 30 டிகிரில குண்டு 2 செ.மீ. சொச்சம் தான் உயருது, கீழ வரும்போது வேகம் செகண்டுக்கு 0.65 மீட்டர் அளவு. இதுக்கு மேல தூக்கி விட்டா நல்லா இருக்கும்னு நெனச்சு 70, 80 டிகிரி வரை தூக்கறாங்க, வேணாம், பசை மேல தான் அடி விழும், வரிசையும் சீக்கிரம் கலையும்.

ஏன் ஒண்ணு விட்டா ஒண்ணு மட்டும் போகுது? ரெண்டு குண்டு பாதி பாதி வேகத்துல போகலாமே? உந்தம்ங்கறது நிறை பெருக்கல் வேகம், மோதலுக்கு முன்னயும் பின்னயும் அதோட மொத்தம் மாறாது, அந்தக் கணக்குல ரெண்டு குண்டு பாதி வேகம்னாலும் சரியா தான் வரும். ஆனா இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது, பாதி வேகத்துல ஒரு குண்டுக்கு கால் பங்கு ஆற்றல், ரெண்டுக்கும் சேர்த்து அரை பங்கு, மீதி அரை எங்க போச்சு? ஸ்டீல் மோதல்ல அவ்வளவு ஆற்றல் காணாம போக வழி இல்ல. அதனால ரெண்டு குண்டு போக முடியாது, ஒண்ணு தான் போகணும். எல்லா இடத்துலயும் இத்தோட நிறுத்திடுவாங்க.

ஆனா இது முழு பதில் இல்ல, இதை கண்டிப்பா பசங்களுக்கு சொல்லணும். மூணு குண்டு வெச்சு யோசிங்க. முதல் குண்டு 1ங்கற வேகத்துல வருது. மோதின பிறகு முதல் குண்டு மூணுல ஒரு பங்கு வேகத்துல பின்னாடி போகுது, மத்த ரெண்டும் மூணுல ரெண்டு பங்கு வேகத்துல ஒண்ணா முன்னாடி போகுதுன்னு வைங்க. உந்தம்: மைனஸ் 1/3, ப்ளஸ் 2/3, ப்ளஸ் 2/3, கூட்டினா 1. ஆற்றல்: 1/9, 4/9, 4/9, கூட்டினா அதுவும் 1. ரெண்டு விதியும் அப்படியே நிக்குது! அப்ப க்ரேடில் ஏன் இப்படி ஆடறதில்ல? உந்தமும் ஆற்றலும் மட்டும் வெச்சு இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியாது, ஏன்னா ரெண்டு சமன்பாடு தான் இருக்கு, தெரியாத வேகம் மூணு இருக்கு.

பதில் அந்த மயிரிழை இடைவெளில இருக்கு. இடைவெளி இருக்கறதால மூணும் ஒரே நேரத்துல மோதறதில்ல, முதல்ல ஒண்ணும் ரெண்டும் மட்டும் மோதுது, அது முடிஞ்ச பிறகு தான் ரெண்டும் மூணும். ரெண்டே குண்டு, சம நிறைன்னா தெரியாத வேகம் ரெண்டு, சமன்பாடும் ரெண்டு, ஒரே விடை தான் வரும்: வந்த குண்டு நின்னுடும், நின்ன குண்டு அதே வேகத்துல கிளம்பும். கை மாத்தி கை மாத்தி செங்கல் போற மாதிரி வேகம் கடைசி குண்டு வரை போகுது, வாங்கினவன் குடுத்துட்டு நின்னுடறான். ஒரு மோதல் நடக்கற நேரம் ஒரு செகண்டுல பத்தாயிரத்துல ஒரு பங்கு அளவு தான், அதனால நம்ம கண்ணுக்கு எல்லாம் ஒரே டக்ல முடிஞ்ச மாதிரி தெரியுது.

குண்டுகள் தொட்டுக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? அப்பவும் கிட்டத்தட்ட அதே மாதிரி தான் வருது. ரெண்டு உருண்டை ஒண்ணை ஒண்ணு அழுத்தும்போது, அமுங்கற அளவை விட வேகமா எதிர்ப்பு விசை கூடும், ரெண்டு மடங்கு அமுங்கினா விசை 2.8 மடங்கு ஆகும், இது ஹெர்ட்ஸ்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி 1880கள்ல கண்டுபிடிச்ச கணக்கு. லேசா தொடும்போது ரொம்ப மெத்துனும் அழுத்தும்போது கல்லு மாதிரியும் நடந்துக்கறதால அழுத்தம் பெருசா பரவாம ஒரு குண்டுல இருந்து அடுத்ததுக்கு தாவிடுது. ஆனா கொஞ்சம் கசியும். போன்ல ஸ்லோ மோஷன் போட்டு எடுத்துப் பாருங்க, கொஞ்ச நேரம் ஆடின பிறகு நடு குண்டுகள் நின்னுக்கிட்டு இல்ல, லேசா நகர்ந்துக்கிட்டே இருக்கும். அஞ்சையும் சரியா கோர்த்து வெச்சிருந்தா அந்த நகர்வு ரொம்ப லேட்டா தான் கண்ணுக்குத் தெரியும், உங்க வேலை எவ்ளோ சுத்தம்னு பார்க்கறதுக்கு இதை விட நல்ல பரிட்சை இல்ல.

செஞ்சு பார்க்க வேண்டியதுல ரெண்டு, மூணு, நாலு குண்டு தூக்கி விடறது எல்லாருக்கும் தெரியும். மூணு தூக்கி விடும்போது நடு குண்டு மட்டும் நிக்காம ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கும், அதைக் கவனிக்க சொல்லுங்க. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு, ஒரே நேரத்துல விட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணும் இடம் மாறி மாறி வரும், கண் கொட்டாம பார்ப்பாங்க.

களிமண் சோதனையும் கண்டிப்பா பண்ணுங்க. ரெண்டு குண்டை மட்டும் தொங்க விட்டுட்டு மத்த மூணையும் ஓரமா தூக்கி டேப் போட்டு ஒட்டி வைங்க. நிக்கற குண்டுல மோதற இடத்துல பட்டாணி அளவு விளையாட்டுக் களிமண் ஒட்டி, அடுத்ததை 2 செ.மீ. உயரத்துல இருந்து விடுங்க. ரெண்டும் ஒட்டிக்கிட்டு சேர்ந்து போகும், பாதி வேகத்துல, உயரம் அரை செ.மீ. கூட தாண்டாது. உந்தம் அப்படியே இருக்கு, ஆற்றல் பாதி களிமண்ணை நசுக்கினதுல போயிடுச்சு. "மீதி அரை எங்க போச்சு"ன்னு மேல கேட்டோம்ல, இங்க நிஜமாவே போகுது, எங்க போகுதுன்னு கையில தொட்டுப் பார்க்கலாம்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 25 மி.மீ. பேரிங் குண்டு ஒண்ணு வாங்குங்க, அது 64 கிராம் சுமார், 20 மி.மீ. குண்டை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அஞ்சாவது குண்டை நரம்போட ஒதுக்கி வெச்சுட்டு அந்த இடத்துல இதைத் தொங்க விடுங்க. நாலாவது குண்டோட வெட்டுல இருந்து 22.5 மி.மீ. தள்ளி புது வெட்டு போடணும், பெரிய குண்டோட ஆரம் 2.5 மி.மீ. அதிகம்ங்கறதால மையம் ஒரே மட்டத்துல வர அது தொங்கற இறக்கத்தையும் அந்த அளவு குறைக்கணும். இப்ப அந்தப் பக்கத்துல இருந்து சின்ன குண்டை விட்டா அது நிக்காது, சுமார் மூணுல ஒரு பங்கு வேகத்துல திரும்பி வரும், பெரிய குண்டு மூணுல ரெண்டு பங்கு வேகத்துல போகும். மேல காகிதத்துல போட்ட அதே மைனஸ் 1/3, ப்ளஸ் 2/3! ரெண்டு குண்டு ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே உருண்டையா இருந்தா இயற்கை அந்த விடையையும் தேர்ந்தெடுக்குது, தனித்தனியா மயிரிழை தள்ளி இருந்தா மத்ததைத் தேர்ந்தெடுக்குது. ரெண்டு சின்ன குண்டை டேப் சுத்தி ஒட்டினா இது வராது, டேப் நெகிழும்.

இந்த மோதல் ஆராய்ச்சி எல்லாம் 17ஆம் நூற்றாண்டுலயே நடந்தது. மாரியட்ங்கற ஃபிரெஞ்சு விஞ்ஞானி தொங்கற உருண்டைகளை மோத விட்டு 1673ல புத்தகமே போட்டார், நியூட்டன் 1687ல வந்த தன்னோட பிரின்சிபியாங்கற புத்தகத்துல அவரைக் குறிப்பிட்டு, தானும் 10 அடி நீள ஊசல்ல காத்துத் தடையைக் கூட கழிச்சு சோதனை பண்ணினதை எழுதியிருக்கார். கம்பளி உருண்டை மோதி விலகற வேகம் நெருங்கின வேகத்துல 9க்கு 5 பங்கு, கண்ணாடிக்கு 16க்கு 15 பங்குன்னு அவர் அளந்தார். மேசை பொம்மையா இந்தப் பேர்ல வந்தது 1967ல தான், சைமன் ப்ரெபிள்ங்கற இங்கிலாந்து நடிகர் மரச்சட்டத்துல செஞ்சு வித்தார்.

நியூட்டன் அளந்ததை நீங்களும் அளக்கலாம். ரெண்டு குண்டு மட்டும் தொங்க விட்டு பின்னாடி கோடு போட்ட பேப்பர் ஒட்டி, விட்ட உயரத்தையும் அடுத்தது ஏறின உயரத்தையும் போன் வீடியோல பார்த்து குறிங்க. ஏறின உயரத்தை விட்ட உயரத்தால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டால பெருக்கி, ஒண்ணைக் கழிங்க. 2 செ.மீ.ல விட்டது 1.88 செ.மீ. ஏறினா விடை 0.94 வரும், அது தான் நியூட்டனோட கண்ணாடி உருண்டைக்கு வந்த எண். கோலிகுண்டு, மரக்குண்டு, ஸ்டீல் மூணுக்கும் அளந்து ஒரு அட்டவணை போடச் சொல்லுங்க, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வெறும் மாடலை விட இது பல மடங்கு மேல்.

கடைல வாங்கினதுல நூல் சிக்கிக்கிட்டு வந்திருந்தா வெட்டாதீங்க. சட்டத்தை மேசை மேல நேரா நிறுத்தி, ஒரு ஓரத்து குண்டுல இருந்து ஆரம்பிங்க, நடுவுல இருந்து வேணாம். அந்த குண்டோட ரெண்டு நூலும் மேல சட்டத்துல எங்க கட்டியிருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சு, அதை மட்டும் தூக்கி மத்த நூல்களுக்கு மேலயோ நடுவுலயோ விட்டு எடுங்க, விடுபட்டதும் சட்டத்துக்கு வெளிய தொங்க விட்டு டேப்பால ஒட்டிடுங்க, அப்புறம் அடுத்தது. முடிச்சு இறுகி இருந்தா ஊசி முனையால தளர்த்துங்க, இழுத்தா இன்னும் இறுகும். பிரிச்ச பிறகு ஒரு நூல் நீண்டு குண்டு தாழ்ந்திருந்தா மேல சொன்ன டைல்ஸ் முறையே இதுக்கும் போதும்.

ஸ்டீல் குண்டு கைவேர்வைல துரு பிடிக்கும், துருப்புள்ளி மோதற இடத்துல வந்தா சத்தமே மாறிடும். அப்பப்போ மெல்லிய துணில ஒரு சொட்டு மெஷின் ஆயில் தொட்டு துடைச்சிட்டு, காஞ்ச துணியால மறுபடி துடைச்சு விடுங்க. காந்தம் பக்கத்துல வைக்கவே வேணாம், குண்டு காந்தமாயிட்டா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு விடாது. எங்கயாவது எடுத்துட்டு போகும்போது அஞ்சு குண்டையும் வரிசையாவே வெச்சு சுத்தி ஒரு காகிதப்பட்டை கட்டி அது மேல டேப் ஒட்டுங்க, குண்டு மேல நேரா டேப் ஒட்டாதீங்க, பிசுபிசுப்பு தங்கிடும். தங்கிட்டா ஸ்பிரிட் போட்டு துடைச்சா போயிடும்.